ரெண்டு அம்மா, ரெண்டு அப்பா இருக்கற வீட்ல குழந்தை யாரை என்னன்னு கூப்பிடணும்? முடிவு பண்றது எப்படி

போன மாசம் ரெண்டு பொண்ணுங்க எங்க வீட்டுக்கு வந்தாங்க, ஒருத்தி ஏழு மாச கர்ப்பம். டீ ஆறறதுக்குள்ள கேட்டுட்டாங்க, அக்கா உங்க பாப்பா உங்க ரெண்டு பேரையும் என்னன்னு கூப்பிடுறா, அதை எப்போ எப்படி முடிவு பண்ணீங்கன்னு. சொல்ல ஆரம்பிச்சு ராத்திரி பத்து மணி ஆயிடுச்சு. அன்னிக்கு சொன்னது, சொல்ல விட்டுப்போனது எல்லாத்தையும் சேத்து எழுதறேன், இதே கேள்வியோட உக்காந்திருக்கற இன்னொருத்தருக்கு ஆகட்டும்.

எங்களைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். நான் சிவகங்கை பக்கம், அவ மண்டியா பக்கத்து கன்னடப் பொண்ணு, பெங்களூர்ல அல்சூர்ல பதினோரு வருஷமா ஒண்ணா இருக்கோம். துளசியைப் பெத்தது அவ. துளசிக்கு இப்போ ஆறு வயசு, அவளை அவ்வான்னும் என்னை அம்மான்னும் கூப்பிடுறா. மண்டியா கிராமங்கள்ல பெத்த அம்மாவை அவ்வன்னு கூப்பிடறது வழக்கம், அவளும் அவங்க அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவா. ஆனா இந்த ஏற்பாட்டுக்கு நாங்க நேரா வந்து சேரல, நடுவுல ஒரு பெரிய தப்பு பண்ணோம், அதையும் சொல்றேன்.

இதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடணும்

கூப்பிடற பேர்ல என்னம்மா இருக்குன்னு நிறைய பேர் சொல்லுவாங்க. நம்ம ஊர்ல நம்ம நிலைமையில அதுல நிறைய இருக்கு. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், நம்ம உறவைக் குற்றம்னு சொன்ன 377ஆவது பிரிவுல இருந்து நம்மளை விடுவிச்சுது, அதுக்கப்புறம் போலீஸ் பயம் இல்லாம ஒரே வீட்ல இருக்க முடியுது, சரி. ஆனா 2023 அக்டோபர் 17 தீர்ப்புல நம்ம கல்யாணத்தை கோர்ட் அங்கீகரிக்கல, ஜோடியா சேந்து தத்தெடுக்கற உரிமையும் 3க்கு 2ன்னு இல்லாம போச்சு. தத்தெடுக்கணும்னா ஒருத்தர் தனியாதான் அப்ளை பண்ணணும், அதுலயும் தனி ஆம்பளைக்கு பெண் குழந்தை தர மாட்டாங்க. வாடகைத்தாய் வழி 2021 சட்டத்துக்கு அப்புறம் நமக்கு மூடிடுச்சு. பெண்கள்ல ஒருத்தர் ஐவிஎஃப் மாதிரி சிகிச்சையில பெத்துக்கலாம், ஆனா பேப்பர்ல அந்த ஒருத்தர் மட்டும்தான் அம்மா.

அதாவது எந்த வழியா குழந்தை வந்தாலும் சட்டத்துக்கு ஒரு பெத்தவர்தான் தெரியும். துளசியோட பர்த் சர்டிஃபிகேட்ல, ஆதார்ல, பாஸ்போர்ட்ல எதுலயும் என் பேர் இல்ல. நான் அவளுக்கு யாருங்கறதுக்கு இருக்கற ஒரே அத்தாட்சி அவ வாய்ல வர்ற வார்த்தைதான். அதனாலதான் சொல்றேன், பேப்பர்ல இல்லாத ஆளுக்குத்தான் வார்த்தை கெட்டியா இருக்கணும், அந்த ஆளுக்கு ஆன்ட்டி, அக்கா, சித்தின்னு ஒரு படி இறக்கி வைக்காதீங்க. ரெண்டு பேருக்குமே பெத்தவங்களைக் குறிக்கற வார்த்தைதான் வேணும். இந்த ஒண்ணுல மட்டும் விட்டுக் குடுக்காதீங்க, மத்தது எல்லாம் உங்க இஷ்டம்.

நாங்க பண்ண தப்பு

துளசி பொறந்தப்போ வீட்டு ஓனருக்கு நாங்க ஃப்ரெண்ட்ஸ், அவ ஊருக்கு நான் ரூம்மேட். பயத்துல என்னை சித்தின்னு வெச்சோம், அவங்க வீட்ல அதையே சிக்கம்மான்னாங்க. சித்தின்னா சின்னம்மாதானே, அதுலயும் அம்மா இருக்கேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஒன்றரை வயசு வரைக்கும் அப்படியே போச்சு.

அப்புறம் ஒரு ராத்திரி அவளுக்கு 103 காய்ச்சல். ஒரு ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடினோம், ஆட்டோல மடியில வெச்சிருந்தது நான், ஊசி போடற ரூம் வாசல்ல நர்ஸ் கேட்டாங்க நீங்க யாருன்னு, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள துளசியே என் துப்பட்டாவைப் பிடிச்சுக்கிட்டு சித்தி சித்தின்னு அழுதா. சித்தி எல்லாம் வெளிய நில்லுங்க, அம்மா மட்டும் உள்ள வாங்கன்னு சொல்லி கதவை சாத்திட்டாங்க. நர்ஸ் மேல தப்பில்ல, நாங்க சொல்லிக் குடுத்ததைத்தானே குழந்தை சொல்லுச்சு. கதவுக்கு வெளிய அவ அழற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நின்ன அந்த இருபது நிமிஷத்துலதான் முடிவு பண்ணேன்.

ஏற்கனவே ஒரு வார்த்தை பழகிப் போன வீடுகளுக்கு, மாத்தறது எப்படின்னு கேட்டா, முடியும், எங்களுக்கு ஒரு மாசம் பிடிச்சுது. குழந்தையைத் திருத்தக் கூடாது, பெரியவங்க தான் மாறணும். அவ சித்தி வான்னு கூப்பிட்டா நான் கோவிக்காம இதோ அம்மா வந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே வருவேன். அவ்வா எதைக் குடுத்தாலும் அம்மாகிட்ட போய்க் குடுன்னு அனுப்புவா. நம்ம தமிழ்ல இதுக்கு ஒரு வசதி இருக்கு, குழந்தைகிட்ட பேசும்போது நாம யாரும் நான்னு சொல்றதில்ல, அம்மா குளிச்சிட்டு வரேன், அம்மா சொன்னா கேக்கணும்னுதான் பேசுவோம், அதனால ஒரு நாளைக்கு நூறு தடவை அந்த வார்த்தை காதுல விழும். நாலாவது வாரம் ஒரு நாள் காலையில தொட்டில்ல எழுந்து நின்னு அம்மான்னு கூப்பிட்டா. அவ்வா அடுப்படில இருந்து திரும்பிப் பாத்தா, நான் பாத்ரூம்ல இருந்தேன், துளசி பாத்ரூம் கதவைத்தான் கை காமிச்சா.

வார்த்தை தேர்ந்தெடுக்கறது

முதல்ல ரெண்டு பேரும் உக்காந்து, நீ உங்க அம்மாவை என்னன்னு கூப்பிட்ட, உங்க அம்மா அவங்க அம்மாவை என்னன்னு கூப்பிட்டாங்கன்னு பேசுங்க. நிறைய வீட்ல விடை அங்கயே இருக்கு. எங்க அம்மா அவங்க அம்மாவை ஆத்தான்னுதான் கூப்பிட்டாங்க. கன்யாகுமரிப் பக்கம் அம்மை உண்டு. ஆம்பளைங்களுக்கு இன்னும் தாராளம், அப்பாவுக்கு அய்யா, நைனா, முஸ்லிம் வீடுகள்ல அத்தா, வாப்பா, பெங்களூர்ல கன்னடத்து அப்பாஜி, மும்பைல மராத்தி பாபா. பெண்களுக்கு மும்பைல ஆயி இருக்கு, அங்க நம்ம ஆளுங்க வாய்க்கு அது சுலபமா வரும். அமெரிக்கா, இங்கிலாந்துல ரெண்டு அம்மா இருக்கற நிறைய வீடுகள்ல ஒருத்தர் மம்மி, இன்னொருத்தர் மாமா, ரெண்டு அப்பான்னா ஒருத்தர் டாடி இன்னொருத்தர் பாப்பா. இந்த ஜோடியை அப்படியே எடுத்துக்கலாம்னு நினைக்காதீங்க, நம்ம வீட்ல மாமான்னா வேற ஆளு, பாப்பான்னா குழந்தை.

இப்படி இடிக்கற வார்த்தைகள் நிறைய இருக்கு, முதல்லயே பாத்துக்கோங்க. அப்பச்சின்னா செட்டிநாட்டுல அப்பா, கொங்குல கிட்டத்தட்ட அதே வார்த்தை அம்மாவோட அப்பா. டாடான்னு இங்கிலீஷ் பாணில வெச்சா தாத்தாகிட்ட போய் முட்டும், ஹிந்தியிலயும் தாதான்னா அப்பாவோட அப்பா. ஆயான்னு செல்லமா வெச்சா க்ரெஷ்ல வேலை செய்யற அம்மாவைத்தான் நினைப்பாங்க. எங்க அவ்வாவுக்கே ஒரு சிக்கல் வந்துச்சு, தெலுங்குல அவ்வான்னா பாட்டி, எங்க மாடில இருக்கற தெலுங்கு அம்மா ஒரு வருஷம் வரைக்கும் துளசி யாரோ பாட்டியைத் தேடறான்னு நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. அல்சூர் மாதிரி நாலு மொழி பேசற தெருவுல எல்லாத்தையும் தவிர்க்க முடியாது, தெரிஞ்சே எடுத்துக்கிட்டோம்.

பெரியம்மா, சின்னம்மான்னு வெக்கலாமேன்னு கேக்கறவங்களுக்கு. யோசிச்சுப் பாத்தா நம்ம மொழி எவ்வளவு பெரிய மனசுள்ள மொழி, அம்மாவோட அக்காவும் அம்மா, தங்கச்சியும் அம்மா, அப்பாவோட அண்ணனும் அப்பா, தம்பியும் அப்பா, ஒருத்தருக்கு ஒரே அம்மாதான்னு தமிழ் என்னிக்கும் சொன்னதில்ல. கண்ணனுக்கு தேவகியும் அம்மா யசோதையும் அம்மா, முருகனுக்கு பால் குடுத்தது ஆறு பேர். எங்க அம்மாகிட்ட பேசும்போது இதைச் சொல்லித்தான் புரிய வெச்சேன். ஆனாலும் அந்த ரெண்டு வார்த்தையை மட்டும் வெக்காதீங்க, கேக்கற எல்லாரும் உங்களை அக்கா தங்கச்சின்னு எடுத்துக்குவாங்க, அப்புறம் அந்த நினைப்பை மாத்தறது ரொம்ப கஷ்டம்.

ரெண்டு பேருக்கும் அம்மாவே வேணும்னா தாராளமா வெச்சுக்கோங்க, கூட பேரைச் சேத்துக்கலாம், கவி அம்மா, சுமி அம்மான்னு. டெல்லில ஆர்.கே. புரத்துல ஒரு ஜோடி அப்படித்தான் வெச்சிருக்காங்க, குழந்தை வேகமா கூப்பிடும்போது பேர் உதிர்ந்து போய் வெறும் அம்மா ஆயிடும், யாருக்கு பக்கமோ அவங்க போறாங்க. அம்மா ஒண்ணு அம்மா ரெண்டுன்னு நம்பர் மட்டும் வேண்டாம், யாரும் ரெண்டாவதா இருக்க வேண்டாம்.

முடிவு பண்ணிட்டீங்கன்னா ஒரு வாரம் கூப்பிட்டுப் பாருங்க. குழந்தை வர்றதுக்கு முன்னாடியே, ஹால்ல இருந்து அடுப்படிக்கு கத்திக் கூப்பிடுங்க, தெருவுல நாலு பேர் நடுவுல கூப்பிடுங்க, அழுதுகிட்டே கூப்பிட்டா எப்படி வருதுன்னு பாருங்க. வாய் கூசுதுன்னா அந்த வார்த்தையை விட்டுடுங்க.

முதல் அம்மா யாருக்கு

இதுல நிறைய பேர் மனசு உடைஞ்சு போறாங்க, அதனால கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. ஆறு மாசத்துக்கு மேல குழந்தை மழலை பேச ஆரம்பிக்கும், உதட்டை மூடித் திறந்தா வர்ற ம, ப, ப்பா மாதிரி சத்தம்தான் முதல்ல வரும், அதனாலதான் உலகத்துல பாதி மொழில பெத்தவங்க பேர் இந்த எழுத்துகள்லயே இருக்கு. எந்த சத்தம் யாருக்குன்னு முடிவு பண்றது பெரியவங்கதான், ஜார்ஜியா நாட்டு மொழில மாமான்னா அப்பா, தேதான்னா அம்மா. ஆளைப் பாத்து அர்த்தத்தோட கூப்பிடறது ஒரு வயசு பக்கத்துலதான். அதுவரைக்கும் பசில வர்ற ம்மா ம்மாவை வெச்சு, அவளைத்தான் கூப்பிடுது என்னைக் கூப்பிடலன்னு கணக்கு போடாதீங்க. பெத்தவளுக்கும் இது கஷ்டம்தான், துளசி என்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சப்போ அவ்வா ரெண்டு நாள் சரியா பேசல. ஊரே அம்மான்னு சொல்ற வார்த்தையை எனக்கு விட்டுக் குடுத்தது அவதான், பேப்பர் எல்லாம் எங்கிட்ட இருக்கு, வார்த்தை உன்கிட்ட இருக்கட்டும்னு சொன்னா. அதை நான் மறக்கவே மாட்டேன்.

மத்த சொந்தம் எல்லாம் என்ன ஆகும்

இதை யாரும் முன்கூட்டி யோசிக்கறதில்ல. நம்ம உறவு முறைல அம்மா பக்கம் அப்பா பக்கம்னு எல்லாத்துக்கும் தனித்தனி பேர். ரெண்டு அம்மா வீட்ல ரெண்டு பக்கமும் அம்மா பக்கம் ஆயிடும், எங்க அண்ணனும் மாமா, அவ தம்பியும் மாமா, ரெண்டு பாட்டியும் அம்மாச்சி, அப்பத்தா கிடையாது, அத்தைன்னா மாமா பொண்டாட்டி மட்டும்தான். ரெண்டு அப்பா வீட்ல தலைகீழ், கூடப்பொறந்த பொண்ணுங்க எல்லாம் அத்தை, பசங்க எல்லாம் பெரியப்பா சித்தப்பா, தாய்மாமன்னு ஆளே இல்ல. பாட்டிங்களுக்கு ஊர் பேர் சேத்துக்கோங்க, எங்க வீட்ல சிவகங்கை அம்மாச்சி, மண்டியா அஜ்ஜி. தாய்மாமன் இல்லாத வீட்ல அந்த இடத்துக்கு ஒரு நல்ல நண்பனை உக்கார வைங்க, இடத்தைக் காலியா மட்டும் விடாதீங்க, ஏன்னா குழந்தைக்கு சடங்கு வரும்.

எங்களுக்கு காதுகுத்து வந்துச்சு. யார் மடியில உக்கார வெக்கறது? அவ தம்பிதான் ரத்த சொந்தம், கன்னடத்துலயும் சோதர மாவா, அதாவது தாய்மாமன்தான் மடியில வெச்சுக்கணும். எங்க அண்ணன் அதுவரைக்கும் எங்க வீட்டு வாசப்படி மிதிச்சதில்ல, நான் அவனை வான்னு மட்டும்தான் கேட்டேன், மாமான்னு ஒரு வார்த்தை சொல்லல. 2025 மே மாசம் மெட்ராஸ் ஹைகோர்ட், கல்யாணம் மட்டுமே குடும்பம் அமைக்கற வழி இல்லைன்னு ஒரு வழக்குல சொல்லியிருந்தாங்க, அதை எங்க அம்மா பேப்பர்ல பாத்துட்டு அவனுக்குப் படிச்சுக் காட்டினாங்கன்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. அன்னிக்கு காலையில அஞ்சரைக்கு மதுரை வண்டில வந்து இறங்கினான், கையில தாம்பாளத்துக்கு வேண்டிய பழம், பட்டுப்பாவாடை, ஒரு சின்ன டப்பால தோடு. வந்தவன் எங்கிட்ட எதுவும் பேசாம துளசிகிட்ட குனிஞ்சு, மாமாகிட்ட வர்றியான்னு கேட்டான். ஆசாரி வலது காதை ஒரு மாமா மடியிலயும் இடது காதை இன்னொரு மாமா மடியிலயும் வெச்சு குத்தினார்.

பாட்டி தாத்தா பழைய வார்த்தையையே பிடிச்சுக்கிட்டு இருந்தா சண்டை போடாதீங்க. போன்ல சித்திகிட்ட குடுன்னு எங்க அம்மா சொல்லும்போது, இரும்மா, துளசி அம்மா பேசறேன்னுதான் நான் ஆரம்பிப்பேன். எட்டு மாசம் ஆச்சு. இப்போ அவங்களே துளசி அம்மா இருக்காளான்னுதான் கேக்கறாங்க. நம்ம ஊர்ல குழந்தை பேரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிடற வழக்கம் நமக்கு பெரிய துணை, எங்க தெருவுல காய்க்காரர் எங்க ரெண்டு பேரையுமே துளசி அம்மான்னுதான் கூப்பிடுறார், யார் போனாலும்.

ஸ்கூல், பேப்பர்

ஸ்கூல் சேந்த முதல் நாளே க்ளாஸ் டீச்சர்கிட்ட ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதிக் குடுங்க. நாங்க எழுதினது இதுதான்: துளசிக்கு ரெண்டு அம்மா. அவ்வான்னா இவங்க, அம்மான்னா இவங்க. அழுதா யாரைக் கேட்டாலும் கூப்பிடுங்க, ரெண்டு நம்பரும் கீழ இருக்கு. இதைக் குடுக்காம விட்டா, அவ்வா வேணும்னு குழந்தை அழும், டீச்சர் பாட்டி ஊர்ல இருக்காங்கன்னு சொல்லி சமாதானம் பண்ணுவாங்க.

தந்தை பெயர்னு இருக்கற கட்டத்துல பொய்ப்பேர் எழுதாதீங்க. 2015ல சுப்ரீம் கோர்ட் அப்பா பேர் சொல்லாமலே அம்மா தனியா கார்டியன் ஆகலாம்னு சொல்லிடுச்சு, தனி அம்மா அஃபிடவிட் குடுத்தா பர்த் சர்டிஃபிகேட் குடுக்கணும்னும் சொல்லிடுச்சு. 2016 டிசம்பர்ல இருந்து பாஸ்போர்ட்டுக்கும் ஒரு பெத்தவர் பேர் போதும். பேப்பர்ல இல்லாதவருக்கு ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வர அனுமதிக் கடிதம், ஆஸ்பத்திரிக்கு ஒரு சம்மதக் கடிதம், அப்புறம் உயில்ல கார்டியன்னு பேர், இந்த மூணையும் ஒரு வக்கீலைப் பாத்து எழுதி வெச்சுடுங்க. அந்த காய்ச்சல் ராத்திரிக்கு அப்புறம் கடிதம் என் பர்ஸ்லயே இருக்கு.

வெளி ஆளுங்க கேட்டா

அப்பா எங்க பாப்பான்னு ஆட்டோக்காரர்ல இருந்து கோவில்ல பக்கத்துல நிக்கறவங்க வரைக்கும் கேப்பாங்க. எங்க வீட்ல அம்மாவும் அவ்வாவும்னு சொன்னா போதும்னு துளசிக்கு சொல்லிக் குடுத்திருக்கோம், அதுக்கு மேல விளக்கம் குடுக்கறது பெரியவங்க வேலை. ஒரு நாள் பார்க்ல புதுசா வந்த ஒரு பையன்கிட்ட என்னைக் காமிச்சு, எங்க அவ்வா ஃப்ரெண்டுன்னு சொல்லிட்டா. எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. வீட்டுக்கு வந்து நான் ஒண்ணும் கேக்கல, ராத்திரி அவளே சொன்னா, அந்தப் பையன் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தாம்மா, எனக்கு ஊஞ்சல் ஆடணும்னு. குழந்தைக்கு எப்போ சொல்லணும் எப்போ சொல்ல வேண்டாம்னு அதுவா தெரிஞ்சுக்கும், அதை நம்மளைக் கைவிட்டதா எடுத்துக்கக் கூடாது.

கொஞ்சம் வளந்த குழந்தை வந்தா

மும்பை செம்பூர்ல எங்களுக்குத் தெரிஞ்ச ரெண்டு ஆம்பளைங்க, ஒருத்தரோட அக்கா இறந்து போய் அவங்க பையன் நாலு வயசுல இவங்க வீட்டுக்கு வந்தான். வந்தப்பவே அவனுக்கு ஒரு வார்த்தை இருந்துச்சு, மாமா. சொந்தக்காரங்க எல்லாம் இனிமே அப்பான்னு கூப்பிடச் சொல்லுன்னு நச்சரிச்சாங்க, இவர் கேக்கல, அவன் அவங்க அம்மாவோட இருந்தப்போ கூப்பிட்ட வார்த்தை அது, அதை ஏன் பிடுங்கணும்னு விட்டுட்டார். இன்னொருத்தருக்கு எந்த உறவும் கிடையாது, அவரை முதல்ல அங்கிள்னான், அப்புறம் பேர் சொன்னான், ஒரு வருஷம் கழிச்சு ஒரு நாள் செருப்பைத் தேடிக்கிட்டே அப்பா என் செருப்பு எங்கன்னு கேட்டான், யாரும் சொல்லிக் குடுக்காம. இப்போ பத்து வயசு, ரத்த சொந்தம் மாமா, எந்த சொந்தமும் இல்லாதவர் அப்பா, வீட்ல யாருக்கும் அதுல குறை இல்ல. கொஞ்சம் பெரிய குழந்தை வந்தா வார்த்தையைத் திணிக்காதீங்க, ரெண்டு மூணு வார்த்தை காதுல விழற மாதிரி வீட்ல பேசிக்கிட்டு இருங்க, எடுத்துக்கறப்போ எடுத்துக்கட்டும்.

துளசியும் இப்போ மாத்தறா. ஸ்கூல்ல யாரோ மம்மின்னு கூப்பிடறதைக் கேட்டுட்டு ஒரு வாரம் எங்க ரெண்டு பேரையுமே மம்மின்னா, அப்புறம் விட்டுட்டா. சில நாள் என்னை அம்மு, அவளை அவ்வும்மா. நாங்க எல்லாத்துக்கும் என்னடான்னு திரும்பறோம்.